தகப்பன்மார் பிந்திப் போகும் படங்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்தால் கிழவருக்குப் படம் வேண்டும். அதுவும் அமெரிக்கப் படம், அதுவும் யாராவது யாரையாவது கொல்லுகிற படம். எண்பது வயது, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர், செபமாலையைப் பிடித்துக்கொண்டு சிவனே என்று கிடக்கலாம்தானே? மாட்டார். தனியார் சனல் ஒன்றில் ஒவ்வொரு நாளும் பழைய படம் போடுவார்கள். கிறிகோரி அவரைத் தூக்கி நாற்காலியில் இருத்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டுத் தானும் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். தனியே பார்க்கக் கிழவருக்குப் பயம். அதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

ஒரு காலத்தில் பலேர்மோவில் பெரிய வழக்கறிஞராக இருந்தவர் அவர். வழக்கறிஞரை இத்தாலியர் அவ்வொக்காத்தோ என்பார்கள், அந்தத் தெரு இன்றைக்கும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. மன்னாரில் மீன் ஏலம் கூறிக்கொண்டிருந்த கிறிகோரி எண்பத்தெட்டில் இங்கே வந்து, படி கழுவி, நாய் நடத்தி, கடைசியில் இந்தக் கிழவரைக் குளிப்பாட்டிச் சோறு தீத்திவிடுகிற வேலையில் வந்து நின்றான். ஆறு வருசமாகிவிட்டது. குசினிக்குப் போதுமான இத்தாலியன்தான் அவனிடம் இருந்தது. ஆனால் அந்தப் படங்களை விளங்க மொழி வேண்டியதில்லை.

எல்லாம் எழுபதுகளில் எடுத்த படங்கள், எல்லாம் ஒரே கதை. வெள்ளைச் சாயம் அடித்த வீடு. தகப்பன் புல்லு வெட்டுகிறான். மகள் ஒருநாள் கழுத்து நிறைய மணி போட்டுக்கொண்டு, சீப்பால் தலை இழுக்காமல் சாப்பாட்டு மேசைக்கு வருகிறாள். பிறகு தெருமுனையில் ஒரு வான் நிற்கிறது. வானுக்குள் தாடியும் தலைமயிருமாக ஒருத்தன் கிற்றாரைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறான். மகள் வீட்டிலிருந்து சாப்பாட்டைக் களவாகக் கட்டிக்கொண்டு போய் அவர்களுக்குக் கொடுக்கிறாள். அதன் பிறகு போதைமருந்து, மெழுகுதிரி, மந்திரம், கத்தி. தகப்பன் துவக்கையும் தூக்கிக்கொண்டு கதவை உதைத்துத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

"பார்த்தாயா கிரெகோரியோ, தகப்பன் எப்போதும் பிந்தித்தான் போகிறான்," என்பார் கிழவர். கோணிய வாயால் சொன்னாலும் இந்த வசனம் மட்டும் தெளிவாக வரும்.

கிழவர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று பக்கத்து வீட்டுச் சிஞ்ஞோரா ஒருநாள் காதுக்குள் சொல்லியிருந்தாள். எழுபத்தேழில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் எல்லாம் கொடி பிடித்துத் திரிந்த காலத்தில், கிழவரின் ஒரே மகன் தலைமயிரை வளர்த்துக்கொண்டு அவர்களோடு போனவன். போனவன் போனதுதான். ஆனால் டாக்குத்தரோ பாதிரியாரோ வந்து மகனைப் பற்றிக் கேட்டால் கிழவர் நிமிர்ந்து உட்காருவார். மகன் மிலானோவில் இருக்கிறான், சுகம், வேலைதான் கூட என்பார். ஆறு வருசத்தில் மிலானோவிலிருந்து ஒரு போன் வந்து கிறிகோரி காணவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவும் இல்லை, கிழவர் பாவம்.

கிறிகோரிக்கு அந்தப் படங்கள் ஏன் நெஞ்சுக்குள் போய் இருந்தன என்று கிழவருக்குத் தெரியாது. அவனுக்கும் ஒரு வான் இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, மன்னார்ப் பள்ளிமுனைச் சந்தியில், பட்டப்பகலில் வந்து நின்ற வெள்ளை வான். அப்போது தாடியும் தலைமயிருமாகத் திரிந்த இயக்கப் பெடியள் அதற்குள் இருந்தார்கள். கிறிகோரியின் பதினேழு வயது மகன் றோபேட் செருப்பையும் போடாமல் ஏறிப்போனான். கையைப் பிடித்து ஏற்றியவன் வேறு யாருமில்லை, கிறிகோரியின் மனைவி அருள்நாயகியின் சொந்த அக்கா மகன் ஜெனிஸ்டன். கிறிகோரி மீன்வாடியில் இருந்து ஓடிவந்து சேரும்போது புழுதிதான் பறந்துகொண்டிருந்தது. ஐந்து வருசம் கழித்து, றோபேட் செத்துப்போனான் என்ற செய்தி யார் வாயாலோ பலேர்மோவுக்கு வந்தது. எங்கே, எப்படி, எந்தக் குழிக்குள் தாட்டார்கள், ஒன்றும் தெரியாது. அன்றைக்குக் கிறிகோரி திருக்குடும்பப் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் பண்ணினான். ஜெனிஸ்டனின் முகத்தில் சாகும்வரை முழிக்க மாட்டான், அவனுடைய பெயரைத் தன் வீட்டில் ஒருத்தரும் எடுக்கக் கூடாது.

மிஞ்சி இருந்தது மகள் யூலியானா ஒருத்திதான். தொண்ணூற்றுமூன்றில் தாயோடு வந்திறங்கியபோது பதினாலு வயது. இப்போது இருபது. கபோ சந்தைக்குப் பின்னால் இரண்டறை வீட்டில், தக்காளிக்காரன் கூவுகிற சத்தத்தில் படித்து, அந்தச் சந்தைக்காரர்களைவிடக் கொச்சையாக இத்தாலியன் கதைக்கப் பழகிவிட்டாள். வீட்டுப் போனை அவள்தான் எடுப்பாள், பெர்மெஸ்ஸோ என்கிற இருப்பு அனுமதிப் பேப்பரைப் புதுப்பிக்க அவள்தான் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போவாள். அந்தப் பிள்ளையும் போய்விட்டால் பிறகு கிறிகோரிக்கு உயிரை வைத்திருந்து என்ன பயன்? இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து கதவடியில் அவளுடைய சப்பாத்துக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவான்.

அந்த வருசம், தொண்ணூற்றொன்பது சித்திரையில், யூலியானா மூக்குக் குத்திக்கொண்டு வந்து நின்றாள். தலைக்கு எண்ணெய் இல்லை. முழங்காலில் கிழிந்த காற்சட்டை. கழுத்தில் மரமணி மாலை ஒன்று. கிறிகோரி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

பிறகு பானையைக் கவனித்தான். மூன்று பேருக்கு அவிக்கிற வீட்டில் ஐந்து பேருக்கு அவிந்தது, மிச்சமும் இருக்கவில்லை. அருள்நாயகியைக் கேட்டால் கோயிலுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். எந்தக் கோயிலில் சூடைமீன் குழம்பு கேட்கிறார்கள்? ஒரு வியாழக்கிழமை, வேலைக்காரருக்கெல்லாம் அரைநாள் லீவு கிடைக்கிற நாள், கிறிகோரி மகளுக்குப் பின்னால் நடந்தான். பையில் ஐஸ்கிறீம் டப்பாவோடு அவள் வுச்சீரியாச் சந்தையைத் தாண்டி, உலக யுத்தத்தில் குண்டு விழுந்து பாதி இடிந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சுவர் முழுக்கச் சாயத்தால் கிறுக்கல். வாசலில் வெள்ளை வான் ஒன்று. குடுமி கட்டிய தாடிக்காரன் ஒருத்தன் வந்து, டப்பாவை வாங்கி, அவளுடைய இரண்டு கன்னத்திலும் கொஞ்சினான். உள்ளே யாரோ கிற்றார் தட்டுவது கேட்டது.

இத்தாலியர் எல்லாரும் எல்லாரையும் கன்னத்தில் கொஞ்சுகிறவர்கள்தான், பதினொரு வருசமாகக் கிறிகோரி பார்க்கிறதுதான். அந்த நேரத்தில் அது எங்கே நினைவுக்கு வரும்? அவனுக்கு வானும் தாடியும் டப்பாவும்தான் தெரிந்தன. மீன் விற்கிற ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை முரண்டு பிடித்துக்கொண்டு இன்றைக்கே போய்விடும், படத்தில் அப்படித்தான் நடக்கும். மறுநாள் கிழவரிடம் சொன்னான். தெரிந்த இத்தாலியனை எல்லாம் கூட்டிச் சொன்னான்: மகள், தலைமயிர்க்காரர், வான், மருந்து. மருந்தை அவன் கண்டானா? காணவில்லை. ஆனாலும் சொன்னான். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுகமான கையால் கிறிகோரியின் மணிக்கட்டைப் பிடித்து, இந்த முறை தகப்பன் பிந்த மாட்டான் என்றார். போனைக் கொண்டுவரச் சொன்னார். பொலிசில் மேலிடத்தில் இருந்த ஒருவர் அந்தக் காலத்தில் கிழவரின் கையால் முன்னுக்கு வந்தவர். ஐந்து நிமிசத்தில் எல்லாம் கதைத்து முடிந்தது. வாற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை வளைப்பார்கள். மகளை அன்றைக்கு அங்கே போகவிடாமல் பார்த்துக்கொள் என்றார் கிழவர்.

அதற்கும் கிறிகோரிக்கு வழி வந்தது. பலேர்மோவில் இருக்கிற தமிழர், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லை, கஷ்டம் வந்தால் ஊரின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து, பெல்லெகிரினோ மலையில் வெறுங்காலோடு ஏறுவார்கள். உச்சியில் குகைக்குள் கோயில். கிறிகோரி ஏறி வருசக்கணக்கு. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில், நாளைக்கு மூன்று பேருமாக மலை ஏறுவோமா என்று தானாகக் கேட்டான். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருள்நாயகிக்கு முகம் அப்படியே மலர்ந்துபோனது. அது ஏன் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, மொக்கன்.

விடிய ஆறு மணிக்கு அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள். பழைய கல்பாதை, ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலைப் பதம் பார்க்கும். யூலியானா முன்னால் போனாள். வளைவுக்கு வளைவு நின்று, தாய்க்குத் தண்ணீர் கொடுத்தாள், தகப்பனுக்கும் கொடுத்தாள். ஒரு இடத்தில் அவனுடைய காலில் ஏறியிருந்த முள்ளைக் குனிந்து பிடுங்கிவிட்டாள். கீழே ஊரும் கடலும் வெயிலில் கிடந்தன. அந்த ஊருக்குள் எந்தக் கூரை அது என்று கிறிகோரி தேடினான். என் பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறாள், இனி எவனும் வரட்டும் பார்ப்போம் என்று இருந்தது அவனுக்கு. பதின்மூன்று வருசமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கின மாதிரி, அன்றைக்கு அவன் உண்மையாகவே சந்தோசமாக இருந்தான்.

குகைக்குள் குளிர். பாறையில் இருந்து ஒழுகுகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டிருந்தன. புனிதையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மூவரும் முழந்தாளில் இருந்தார்கள். நேர்த்தி முடிக்க வந்தவரிடம் அந்த இடத்தில் வைத்து மன்னிப்புக் கேட்டால் மறுக்கக் கூடாது என்று நம்முடைய சனத்துக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. எத்தனை புருசன் பெண்சாதிச் சண்டை, எத்தனை சீட்டுக்காசுச் சண்டை அந்தக் குகைக்குள் தீர்ந்திருக்கிறது. அருள்நாயகி அதற்குத்தான் காத்திருந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கிறிகோரியின் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, நீங்களாய் மலை ஏறுவம் எண்டு கேட்டனீங்கள். அதாலைதான் துணிஞ்சு சொல்லுறன். இந்தத் தாய்க்கு முன்னாலை மறுக்காதேங்கோ. ஜெனிஸ்டன் இஞ்சை வந்து ரெண்டு மாசம்."

கிறிகோரிக்கு விளங்கவில்லை. எந்த ஜெனிஸ்டன் என்று கேட்டான்.

"என்ரை அக்கான்ரை மகன். நீங்கள் முகத்திலை முழிக்க மாட்டன் எண்ட ஜெனிஸ்டன். இயக்கத்தை விட்டு ஓடி, இந்தியா எல்லாம் அலைஞ்சு, கப்பலிலை வந்து இறங்கினவன். பேப்பர் இல்லை. வீட்டை கூட்டிவர உங்களை நினைச்சுப் பயம். பிள்ளைதான் தன்ரை சிநேகிதப் பெடியளோடை கதைச்சு, வுச்சீரியாவுக்குப் பின்னாலை அந்தப் பழைய பள்ளிக்கூடத்திலை படுக்க இடம் எடுத்துக் குடுத்தவள். நான்தான் சமைச்சுக் குடுத்துவிடுறன்."

கிறிகோரி மணிக்கூட்டைப் பார்த்தான். எட்டு இருபது.

அவள் அழுதுகொண்டே சொன்னாள், "றோபேட்டைத் தாட்டவன் அவன்தானாம். கடைசியிலை மடியிலை வைச்சிருந்தவனாம். எந்த இடம் எண்டு எனக்குக்கூடச் சொல்லேல்லை. சித்தப்பா என்னை அடிச்சுக் கொன்றாலும் பரவாயில்லை, முதல் அவருக்குத்தான் சொல்லுவன் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறான். இண்டைக்கு இறங்கின உடனை போய்ப் பாப்பம். என்ன?"

கிறிகோரி எழுந்தான். செருப்பைக்கூடப் போடவில்லை. குகையை விட்டு வெளியே ஓடி, கீழே இறங்குகிற பஸ்ஸுக்குக் கையைக் காட்டினான். தாயும் மகளும் பின்னால் ஓடிவந்து ஏறினார்கள். புருசன் மனமிளகி ஓடுகிறான் என்றுதான் அருள்நாயகி நினைத்தாள். பஸ் முழுக்க அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது.

வுச்சீரியாவில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. கதவில் புதுச் சங்கிலி. தெருவில் மெத்தைகளும் ஒரு கிற்றாரும் கிடந்தன. மருந்து ஒன்றும் அகப்படவில்லையாம். அகப்பட்டதெல்லாம் கரும்பலகை ஒன்று, பிள்ளைகளுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிற கொப்பிகள் கொஞ்சம், அதோடு பேப்பர் இல்லாமல் உள்ளே படுத்திருந்த நாலு தமிழ்ப் பெடியள். தாடிக்காரரை எல்லாம் பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர்கள் இத்தாலியப் பிள்ளைகள், அவர்களை என்ன செய்வது? நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குடுமி கட்டியவன், தானிலோ என்று பெயர், வாசற்படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தான். மெத்தைகளுக்கு நடுவில் அருள்நாயகியின் ஐஸ்கிறீம் டப்பா மூடி திறந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து அரைமணி நேரமாயிற்று. யார் காட்டிக்கொடுத்தது, ஏன் காட்டிக்கொடுத்தது என்று கேட்டுக்கொண்டு யூலியானா அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. கிறிகோரி எழும்புவதற்கிடையில் அவள் எடுத்துவிட்டாள். அவள்தானே எப்போதும் எடுப்பது.

மறுமுனையில் கிழவரின் குரல், வாய் கோணினாலும் சத்தமாக வந்தது. கிறிகோரியின் மகளா, வீட்டில் பத்திரமாக இருக்கிறாயா, கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்றார். அப்பாவிடம் சொல், அவர் கேட்டபடி எல்லாம் சரியாக நடந்துவிட்டது, அவர் பிந்தவில்லை என்றார். யூலியானா நன்றி அவ்வொக்காத்தோ என்று மரியாதையாகச் சொல்லி, போனை மெதுவாக வைத்தாள்.

"நீங்களே அப்பா?"

"ஓம்."

அருள்நாயகி சுவரோடு சரிந்து இருந்தாள். 

"உன்னைக் கொண்டு போயிடுவினம் எண்டு பயந்தன்," என்றான் கிறிகோரி. யார் கொண்டுபோவார்கள் என்று அவள் கேட்டாள்.  அவன் நினைத்துப் பார்த்தால் வெள்ளை வீடும் புல்லும் மெழுகுதிரியும்தான் வந்தன. அதையா பிள்ளைக்குச் சொல்வது?

"என்னை ஒருத்தரும் கொண்டு போகேல்லை அப்பா. நான் ஒவ்வொரு நாளும் வீட்டை வந்தனான்தானே," என்றாள் யூலியானா.

திங்கட்கிழமை கிறிகோரி கிழவரின் காலில் விழுந்தான். உண்மையாகவே விழுந்தான், நாற்காலியின் சில்லு அவனுடைய நெற்றியில் இடித்தது. கிழவர் விசயத்தை விளங்கி எடுக்க நேரமாயிற்று. விளங்கியதும் போனை எடுத்து முந்திய ஆளையே பிடித்தார். கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார், பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். கடைசியில் போனை மடியில் வைத்துவிட்டு, பெயர் பதிவாகிவிட்டதாம், இனி அவர்கள் கையில் இல்லையாம் என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் படம் பார்க்கவில்லை.

நாலு பேரையும் கடலோரத்தில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். கிறிகோரி கிழமைக்கு இரண்டு தரம் பஸ் பிடித்துப் போய், படலையில் நின்று, நான் அவனுடைய சித்தப்பா, நான் அவனுடைய சித்தப்பா என்று சொன்னான். எட்டு வருசம் பெயரைக்கூட வாயில் எடுக்காதவன். காவல்காரன் பேப்பர் கேட்டான். சித்தப்பன் என்பதற்கு எங்கே இருக்கிறது பேப்பர்? ஒரே ஒருநாள், தூரத்தில், முற்றத்தில் நின்ற ஆட்களுக்குள் ஒருத்தன் கையை உயர்த்தினான். மொட்டை அடித்திருந்தது, முன்பல் இல்லை. அது ஜெனிஸ்டன்தானா என்று கிறிகோரிக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவன் ஏதோ கத்தினான். கடற்காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

வைகாசி முடிவில் நாலு பேரையும் கொழும்புக்கு ஏற்றினார்கள். இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு ஜெனிஸ்டனைப் பற்றி அவனைப் பெற்ற அக்காக்காரிக்கும் தகவல் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை. றோபேட் எந்த மண்ணுக்குள் கிடக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அடுத்த கிழமை, காலை பத்து மணிக்கு, சந்தை இரைந்துகொண்டிருக்கும்போது, வெள்ளை வான் வந்து வீட்டு வாசலில் நின்றது. தானிலோ இறங்கி வந்து, போன்ஜோர்னோ சிஞ்ஞோர் கிரெகோரியோ என்று வணக்கம் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் சொன்னான். பொலோஞ்ஞாவில் பேப்பர் இல்லாத ஆட்களுக்காக வேலை செய்கிற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், யூலியானா அங்கே போகிறாள். அருள்நாயகி புட்டு அவித்து ஐஸ்கிறீம் டப்பாவில் வைத்து மகளின் கையில் கொடுத்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் புருசனோடு ஒரு சொல்லுக் கதைத்ததில்லை. யூலியானா தகப்பனுக்குக் கிட்ட வந்தாள். திட்டவில்லை. பெர்மெஸ்ஸோவுக்குப் புரட்டாதியில் தவணை, பக்கத்து வீட்டு எமிலியானாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று மட்டும் சொன்னாள். பிறகு தன்னுடைய பெட்டியைத் தானே தூக்கி வானுக்குள் வைத்தாள்.

கிறிகோரி வாசலிலேதான் நின்றான். ஓடிவர வேண்டிய தூரம் ஒன்றும் இல்லை. கையை நீட்டினால் வானின் கதவைப் பிடித்திருக்கலாம்.

கார்த்திகையில் ஒருநாள், மத்தியானப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது டாக்குத்தர் வந்தார். கிழவருக்குப் பிரசர் பார்த்துவிட்டு, வழமைபோல மகனை விசாரித்தார். மிலானோவில் இருக்கிறான், சுகம், வேலைதான் கூட என்றார் கிழவர். டாக்குத்தர் நல்ல மனிதர், வேலைக்காரனையும் ஒரு சொல் கேட்காமல் போகமாட்டார். உன்னுடைய மகள் எப்படி, கிரெகோரியோ, என்றார்.

"பொலோஞ்ஞாவில் இருக்கிறாள்," என்றான் கிறிகோரி. "சுகம். வேலைதான் கூட."

கிழவர் தலையை மெல்லத் திருப்பி அவனைப் பார்த்தார். பிறகு படத்தின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.